முனீஸ்வரருக்கு நேர்ந்துவிட்ட சேவல் ஆட்களைத் தாக்குகிறது. மாசிப் படையல் வரை எப்படிச் சமாளிப்பது?

தட்டோன் தோட்டத்துவீடு கேட்கிறார்:

அனைவருக்கும் வணக்கம். நாங்கள் பர்மாவின் மோன் மாநிலத்தில், தட்டோனுக்குத் தெற்கே, மோலமைன் செல்லும் சாலையை ஒட்டிய ஓர் ஊரில், ரப்பர்த் தோட்டத்தின் ஓரமாகக் குடியிருக்கிறோம். எங்கள் வீட்டில் நாட்டுக்கோழி இல்லாத நாள் என்று ஒன்று இருந்ததில்லை. ஆயினும், என் தாயார் தம் எழுபதாவது வயதில் ஒரு சேவலுக்கு அஞ்சிப் பின்கதவைத் தாழிட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதை இந்த ஆண்டுதான் பார்க்கிறேன்.

தை மாதக் கடைசியில் அடைகோழி ஒன்று பொரித்த குஞ்சுகளில் பதினொன்று தேறின. அவற்றில் ஐந்து சேவல், ஆறு வெடை. பழைய பெட்டைகள் மூன்றையும் சேர்த்தால் இப்போது பதினான்கு உருப்படிகள் இருக்கின்றன. சேவல்களில் ஒன்று நல்ல செவலை. அதன் கழுத்து மயிர் வெயிலில் செம்புக் கம்பி போல மின்னும். திஞ்ஜான் தண்ணீர்த் திருவிழாவின்போது அது இரண்டு மாதக் குஞ்சு. எட்டு வயதான என் மகள் அதை மடியில் வைத்துச் சோறூட்டி, போகுமிடமெல்லாம் தூக்கிக்கொண்டு திரிந்தாள். அதே செவலைதான் மூன்று வாரமாக வீட்டிலுள்ளவர்களைத் தாக்குகிறது.

தாயார் கழுநீர் ஊற்றப் போனபோது பின்னாலிருந்து ஓடிவந்து சேலைக் கரையைக் கொத்தியதுதான் தொடக்கம். விளையாட்டு என்று சிரித்துவிட்டோம். பிறகு என் லுங்கியின் ஓரத்தைப் பிடித்து இழுத்தது. முந்தாநாள் என் மகள் பள்ளியிலிருந்து திரும்பிப் படியேறும்போது எகிறி உதைத்து, இடது கெண்டைக்காலில் இரண்டு இடத்தில் இரத்தம் வரும்படி கிழித்துவிட்டது. காலின் முள்ளால் குத்தியிருக்கும் என்று நினைக்கிறேன். ஆத்திரத்தில் நான் ரப்பர்க் காலணியால் ஓர் உதை கொடுத்தேன். பத்தடி தூரம் போய் விழுந்த சேவல் எழுந்து, பக்கவாட்டில் நின்று, ஒற்றைக் கண்ணால் என்னை அளந்துவிட்டு மீண்டும் வந்தது. மறுநாள் விடியலில் வீட்டுப் படிக்கட்டின் அடியிலேயே காத்துக்கொண்டிருந்தது.

பக்கத்து வீட்டு மோன் குடும்பத்தார், குழம்பு வைத்துவிட்டால் தீர்ந்தது என்கிறார்கள். வேறு சேவலாயிருந்தால் நானும் அதைத்தான் செய்திருப்பேன். ஆனால், சென்ற ஆண்டு என் தாயாருக்குக் கண்புரை அறுவை நடந்தபோது, அடுத்து வரும் பொரிப்பின் முதல் சேவலை மாசிப் படையலுக்கு முனீஸ்வரருக்குக் கொடுப்பதாக வேண்டிக்கொண்டார். முதலில் ஓடு உடைத்து வந்தது இந்தச் செவலை. மாசிக்கு இன்னும் ஏழு மாதத்துக்கு மேல் இருக்கிறது. அதுவரை இதைத் திருத்த வழியுண்டா? காலின் முள்ளை அறுத்துவிட்டால் அடங்குமா? அறுத்தால் ஊனமுள்ள சேவல் என்று படையலுக்கு ஆகாமல் போகுமா? மற்ற நான்கும் இதைப் பார்த்துக் கற்றுக்கொள்ளுமோ என்பதும் என் கவலை. ஒரு செய்தியை விட்டுவிட்டேன்: ஆனி மழை பிடித்ததிலிருந்து கோழிகளைத் தோட்டத்தில் விடாமல், வீட்டுக்கு அடியில் பத்தடிக்கு எட்டடியாக மூங்கில் தட்டி வைத்து அடைத்திருக்கிறோம், காலையும் மாலையும் சற்று நேரம் மட்டும் முற்றத்தில் திறந்துவிடுகிறோம்.

பகோ பழைய பண்ணையாள் எழுதுகிறார்:

தம்பி, மற்றதெல்லாம் பிறகு. இன்றிரவே அந்தச் செவலையைத் தனியாக அடைத்துவிடுங்கள். பகலில் துரத்திப் பிடிக்க முயன்றால் நீங்களும் களைப்பீர்கள், அதற்கும் இன்னொரு சண்டை நடந்ததாகத்தான் தோன்றும். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. இருட்டி ஒரு மணி நேரம் கழித்துக் கூண்டுக்குப் போய், இரண்டு சிறகுகளையும் உடம்போடு சேர்த்து அணைத்து எடுத்தால், தூங்கும் பிள்ளையைத் தூக்குவது போல வந்துவிடும். பெரிய பஞ்சாரம் இருந்தால் முதல் இரண்டு நாளுக்கு அதுவே போதும்; மேலே ஒரு கல்லை வைக்க மறக்காதீர்கள்.

நீங்கள் பெருந்தலைவலியாகச் சொன்ன முள்ளைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். தை மாதக் கடைசியில் பொரித்தது என்றால் அதற்கு இப்போது ஐந்தரை மாதம். அந்த வயதில் நாட்டுச் சேவலின் காலில் முள் என்பது வெறும் மொட்டு. அதனால் ஒரு பிள்ளையின் காலைக் குத்திக் கிழிக்க முடியாது. கிழித்தது விரல் நகம். ஆகவே முள்ளை அறுப்பதா, அறுத்தால் ஊனமா என்ற கேள்வி இப்போதைக்கு எழவே எழாது. மாசிக்குள் அது கொஞ்சம் நீண்டிருக்கும், கூராகவும் இருக்கக்கூடும். அப்போதும் உள்ளே எலும்பும் இரத்த ஓட்டமும் இருப்பதால் அடியோடு அறுக்கக் கூடாது. கூர்நுனியை மட்டும் அரத்தால் தேய்த்து மழுக்கலாம். நகம் வெட்டுவதைப் போன்றதுதான், எந்தப் பூசாரியும் அதை ஊனம் என்று சொல்லமாட்டார்.

இது ஏன் நடக்கிறது என்பதற்கு உங்கள் எழுத்திலேயே விடை இருக்கிறது. ஐந்து மாதத்திலிருந்து ஒரு வயது வரைக்கும் இளஞ்சேவலுக்கு இரத்தம் கொதிக்கும் காலம். அதுவரை கூடப்பிறந்தவற்றோடு உருண்டு புரண்டது, இனி யார் பெரியவன் என்று தீர்த்துக்கொள்ள முனையும். பத்துப் பெட்டைக்கு ஒரு சேவல் என்பது எங்கள் கணக்கு. உங்களிடம் ஒன்பது பெட்டைக்கு ஐந்து சேவல். அதையும் எண்பது சதுர அடிக்குள் வைத்திருக்கிறீர்கள். ஓர் உருப்படிக்கு ஆறு சதுர அடிகூட வரவில்லை. தோற்ற சேவல் வென்றவன் கண்ணில் படாமல் ஒதுங்க இடம் வேண்டும். தோட்டத்தில் என்றால் ஒரு வாழைக்குப் பின்னால் போய் நின்றுகொள்ளும், மூங்கில் தட்டிக்குள் எங்கே போகும்? மோன் மாநிலத்து மழையில் வேறு வழியில்லை என்பது எனக்குத் தெரியும். அப்படியானால் எண்ணிக்கையைத்தான் குறைக்க வேண்டும். வெடைகளின் முதுகைத் தடவிப் பாருங்கள். ஐந்து சேவல் மிதித்தால் அங்கே இறகு உதிர்ந்து தோல் தெரியத் தொடங்கியிருக்கும்.

மடியில் வைத்துச் சோறூட்டியதும் ஒரு காரணம் என்றால் உங்கள் மகள் வருந்துவாள். அவளிடம் சொல்ல வேண்டாம். நான் பார்த்தவரையில், தாய்க்கோழியோடு மண்ணைக் கிளறி வளர்ந்த சேவல் மனிதரைக் கண்டால் நாலடி விலகிப் போகும். கையில் வளர்ந்ததற்கு அந்த அச்சம் இல்லை. அது நம்மையும் தன் கூட்டத்தில் ஒருவராக, ஆகவே மோதிப் பார்க்க வேண்டிய ஒருவராக எண்ணுகிறது. முதல் நாள் உங்கள் தாயார் விலகி ஓடினார்; சேவல் வென்றது. நீங்கள் உதைத்தீர்கள், அதன் மொழியில் அது சண்டைக்கு ஒப்புக்கொண்டதாகப் பொருள். பத்தடி போய் விழுந்தும் திரும்பி வந்ததே, அதைக் கவனியுங்கள். சேவற்சண்டையில் விழுவது தோல்வியில்லை, புறங்காட்டி ஓடுவதுதான் தோல்வி. நீங்கள் உதைத்த பிறகு படியேறி உள்ளே போயிருப்பீர்கள். அதன் கணக்கில் அன்றைக்கும் அதுதான் வென்றது.

ஆகவே ஓடவும் கூடாது, அடிக்கவும் கூடாது. கூண்டுக்குள் போக நேர்ந்தால் இடது கையில் ஒரு முறத்தையோ பழைய தகரத் தட்டையோ முழங்காலுக்கு முன்னால் பிடித்துக்கொள்ளுங்கள். அது கேடயம், ஆயுதம் அன்று. சேவல் வந்தால் முகம் கொடுத்து அசையாமல் நில்லுங்கள், தட்டில் மோதட்டும். அது முகத்தைத் திருப்பிக்கொண்டு விலகிப் போகும்வரை நீங்கள் இடத்தை விட்டு நகரக் கூடாது. அது விலகினால் நீங்கள் ஓரடி முன்னால் வைக்க வேண்டும், பிறகுதான் உங்கள் வேலை. ஓர் எச்சரிக்கை: தலையைத் தாழ்த்தித் தரையைக் கொத்துகிறதே, அடங்கிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். மணியே இல்லாத இடத்தில் கொத்திக்கொண்டு கண்ணை மட்டும் உங்கள் மேல் வைத்திருந்தால், அது பொய்க்கொத்து. அடுத்த நொடி எகிறும். ஒரு பக்கச் சிறகைத் தொங்கவிட்டு வட்டமாகச் சரிந்து வருவதும் அப்படியே. அப்போது நகம் இறகுத்தண்டில் உரசிச் சரசரவென்று ஓர் ஒலி எழும். அந்த ஒலியைப் பழகிக்கொண்டால் பார்க்காமலேயே தெரிந்துகொள்ளலாம்.

லுங்கி கட்டுபவர்களுக்கு இன்னொன்று. காற்றில் படபடக்கும் ஓரம், சேவலின் கண்ணுக்கு எதிரிச் சேவல் சிறகு விரிப்பது போலத் தோன்றும் என்று நினைக்கிறேன். கூண்டுக்குள் போகும்போது லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு போங்கள். அல்லது கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள். எனக்கு இது பாதிக்குப் பாதி பயன் தந்தது.

இன்சேன் சேவற்காரர் எழுதுகிறார்:

பண்ணையாள் ஐயா சொன்னதில் பெரும்பகுதி சரி. ஆனால் இரத்தம் கொதிக்கும் வயது என்று மட்டும் சொல்லிவிட முடியாது. வம்சத்தையும் பார்க்க வேண்டும். என் தகப்பனார் காலத்தில் எங்கள் வீட்டில் சண்டைச்சேவல்கள் இருந்தன. ஒன்றையொன்று கண்டால் கிழித்துக்கொள்ளும். ஆனால் ஐந்து வயதுப் பிள்ளை போய்த் தூக்கினாலும் அசையாது. காரணம் எளியது. கையில் பிடித்துக் குளிப்பாட்டி, காலைத் தேய்த்துவிட்டு வளர்க்க வேண்டிய சேவல் ஆளையே கொத்தினால் வைத்திருக்க முடியாது என்று, ஆள்மேல் பாய்பவற்றையெல்லாம் முன்னோர்கள் கழித்துக்கொண்டே வந்தார்கள். ஆகவே அந்தச் செவலை மிதித்த முட்டைகளை அடைக்கு வைக்காதீர்கள். வெடைகள் இப்போதுதான் முட்டையிடத் தொடங்கியிருக்கும். சேவலைப் பிரித்த பிறகும் இரண்டு மூன்று வாரத்துக்குப் பெட்டையின் உடலில் அதன் வித்து தங்கியிருக்கும் என்பதால் அதுவரை வருகிற முட்டைகளைச் சமையலுக்கே வைத்துக்கொள்ளுங்கள்.

அடக்குவதற்கு நாங்கள் செய்வது, இரண்டு காலையும் பிடித்துத் தலைகீழாக ஐந்து நிமிடம் தொங்கவிடுவது. மூன்று நாள் செய்தால் பணிந்துவிடும்.

யாங்கோன் கால்நடை மருந்துக்கடை எழுதுகிறார்:

தலைகீழாகத் தொங்கவிடுவதை மட்டும் செய்ய வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். பறவைக்கு நமக்கிருப்பது போல மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவே உதரவிதானம் இல்லை. தலைகீழாகப் பிடித்தால் குடலும் ஈரலும் காற்றுப்பைகளை அழுத்தி மூச்சுத் திணறும். இரைப்பை நிறைந்திருந்தால் தீனி மூச்சுக்குழலில் ஏறி அங்கேயே செத்துப்போவதும் உண்டு. சேவல் பணிந்துவிட்டது என்று நாம் எண்ணுவது பெரும்பாலும் மூச்சு வாங்க முடியாத மயக்கமே. தூக்கித்தான் ஆக வேண்டுமென்றால் சிறகுகளைச் சேர்த்து, கால்களை விரலிடுக்கில் பிடித்து, அக்குளுக்குள் அணைத்துக்கொண்டு பத்து நிமிடம் முற்றத்தைச் சுற்றி வாருங்கள். மற்ற கோழிகள் பார்க்கும்படி சுற்றினால் அதன் மானம் போகும் என்பார்கள். அது உண்மையோ இல்லையோ, பிடிபட்டுக்கொண்டிருக்கும் வரையில் அதனால் தாக்க முடியாது என்பது உறுதி.

இனி உங்கள் மகளின் கால். இதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். கேள்வியிலும் பதில்களிலும் யாரும் எழுதவில்லை. கோழி எச்சம் மிதித்த நகம் கிழித்த காயம் வெளியே சிறிதாகத் தெரிந்தாலும் உள்ளே ஆழமாக இருக்கும். சோப்புப் போட்டு, ஓடும் நீரில் நன்றாகக் கழுவுங்கள். மஞ்சளையும் சுண்ணாம்பையும் அப்பி மூடிவிடாதீர்கள். பிள்ளைக்கு இரணஜன்னித் தடுப்பூசி எந்த ஆண்டு கடைசியாகப் போடப்பட்டது என்பதைக் குறித்துக்கொண்டு மருத்துவரிடம் காட்டுங்கள். இன்னொரு ஊசி வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். சுற்றிலும் சிவந்து, சூடாகி, வீக்கம் ஏறினால் காத்திருக்கக் கூடாது. வெறிநோய் பற்றிய அச்சம் வேண்டாம். அது பாலூட்டிகளின் நோய், கோழியால் வருவதில்லை. ஆனால் கண் வேறு கதை. எட்டு வயதுப் பிள்ளை குனிந்து செருப்பை எடுக்கும்போது அவள் முகமும் எகிறும் சேவலின் காலும் ஒரே உயரத்தில் இருக்கும். சேவல் தனியே அடைபடும்வரை அவள் முற்றத்துக்குத் தனியாகப் போக வேண்டாம்.

வயதா, வம்சமா என்ற பேச்சுக்கு ஒரு பழைய செய்தி உதவும். 1849ஆம் ஆண்டு ஜெர்மனியின் கொட்டிங்கன் நகரில் பெர்த்தோல்டு என்ற அறிஞர் இளஞ்சேவல்கள் சிலவற்றின் விதைகளை அறுத்து எடுத்தார். அவை கூவவில்லை, சண்டையிடவில்லை, பெட்டையைத் தேடவில்லை. கொண்டையும் தாடியும் வளராமல் சிறுத்தன. வேறு சிலவற்றுக்கு விதையை எடுத்து, பழைய நரம்புத் தொடர்பு அறுந்த நிலையில், வயிற்றுக்குள் வேறோர் இடத்தில் வைத்துத் தைத்தார். அவை வழக்கமான சேவல்களாகவே வளர்ந்து கூவின, சண்டையிட்டன. விதையிலிருந்து ஏதோ ஒன்று இரத்தத்தில் கலந்து உடலையும் குணத்தையும் மாற்றுகிறது என்பதற்கு அதுவே முதற்சான்று. சுரப்புநீர் என்று நாம் இன்று சொல்வது அதைத்தான். உங்கள் செவலையின் கொண்டை இந்த மூன்று வாரத்தில் சட்டென்று பெரிதாகிச் சிவந்திருக்குமே, அதே நீரின் வேலை. ஒரு வயது கடந்தால் சில சேவல்கள் ஓரளவு தணியும், சில தணிவதே இல்லை. எது எப்படி ஆகும் என்பதில்தான் வம்சம் வருகிறது. காயடித்துவிட்டால் என்ன என்று கேட்பீர்கள். காளையைப் போலன்றிச் சேவலின் விதைகள் முதுகெலும்பை ஒட்டி, சிறுநீரகத்தின் அருகில், பெரிய இரத்தக்குழாய்களுக்கு நடுவே இருக்கின்றன. வீட்டில் செய்யும் வேலையன்று அது. முனீஸ்வரருக்குக் காயடித்த சேவலைக் கொடுக்கலாமா என்று கேட்டு உங்கள் தாயாரிடம் நீங்கள் வாங்கிக் கட்டிக்கொள்ளவும் வேண்டாம்.

நம் நாட்டுக்கோழியின் இரத்தத்தில் காடு இன்னும் வெகு தூரம் போய்விடவில்லை என்பதையும் நினைவில் வையுங்கள். 2020இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, உலகத்து வீட்டுக்கோழிகளுக்கெல்லாம் முன்னோர், தென்மேற்குச் சீனம், வட தாய்லாந்து, பர்மா ஆகிய பகுதிகளில் வாழும் செங்காட்டுக்கோழிக் கிளைதான் என்று கண்டது. அந்தக் காட்டுச்சேவல் தன் எல்லையையும் தன் பெட்டைகளையும் காத்த குணந்தான் உங்கள் படிக்கட்டின் அடியில் நிற்கிறது.

எந்தச் சேவலை வைத்துக்கொள்வது என்று முடிவு செய்ய ஒரு வழி சொல்கிறேன். விடியலுக்கு முன் எழுந்து, எது முதலில் கூவுகிறது என்று கேளுங்கள். ஜப்பானிய ஆய்வாளர்கள் 2015இல் கண்டது இது: ஒரு கூட்டத்தில் தலைமைச் சேவல் முதலில் கூவும், மற்றவை தங்கள் வரிசைப்படி பின்தொடரும், தலைமைச் சேவலை எடுத்துவிட்டால் அடுத்தது முதல் கூவலை எடுத்துக்கொள்ளும். ஆளைத் தாக்கும் சேவல்தான் கூட்டத்துக்கும் தலைவன் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பல வீடுகளில் அப்படி இருப்பதில்லை. வேறு சேவல் வாங்கும் எண்ணம் இருந்தால், சந்தையிலிருந்து நேராகக் கூட்டத்தில் விடாமல் மூன்று வாரமாவது தள்ளி வைத்துப் பாருங்கள். வெள்ளைக்கழிச்சல் அப்படித்தான் வீட்டுக்குள் வருகிறது. 2006இல் மண்டலையிலும் சகாயிங்கிலும் பறவைக்காய்ச்சல் வந்தபோது கோழி வளர்த்தவர்கள் பட்ட பாட்டை நான் கடையில் உட்கார்ந்து நாள்தோறும் கேட்டவன்.

மோலமைன் பெரியவீட்டு அக்கா எழுதுகிறார்:

தம்பி, ஆண்கள் எல்லோரும் சேவலைப் பற்றியே பேசிவிட்டீர்கள். அம்மாவின் வேண்டுதலைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. வேண்டிக்கொண்டவர் அவர், தம்மைக் கொத்திய சேவலைத் தாமே ஏழு மாதம் தீனி போட்டு வளர்க்க வேண்டும் என்பது அவருக்கு எவ்வளவு பாரம் என்று யோசித்தீர்களா? கண் அறுவை செய்துகொண்டவர் வேறு. எங்கள் கோயிலில் நேர்ந்துவிட்ட உருப்படி நோயிலோ பாம்பு கடித்தோ போய்விட்டால், மஞ்சள் துணியில் காசு முடிந்து வைத்து, அதே நிறத்தில் இன்னொன்றைக் கொடுப்பதற்குப் பூசாரி ஒப்புக்கொள்வார். உங்கள் ஊர் வழக்கம் எப்படி என்று அம்மாவையே பூசாரியிடம் கேட்கச் சொல்லுங்கள். நீங்கள் கேட்டு வந்து சொன்னால், குழம்புக்காக நீங்களே சொல்லிக்கொண்டதாக நினைப்பார்.

மாற்றுக்கு ஒப்பவில்லை என்றால் தனிக்கூண்டைத் தவிர வேறு வழியில்லை. மூங்கிலைச் செங்குத்தாகக் கட்டுங்கள், குறுக்காகக் கட்டினால் அதுவே ஏணியாகிவிடும். கீழ்ப்பகுதி இரண்டடிக்குச் சாக்கைத் தொங்கவிட்டுப் பெட்டைகளும் மற்ற சேவல்களும் கண்ணில் படாமல் மறையுங்கள். தண்ணீர்க் குவளையையும் தீனித் தொட்டியையும் வெளியிலிருந்தே நிரப்பும்படி வைத்தால் அம்மா கதவைத் திறக்கவே வேண்டியதில்லை. எங்கள் வீட்டில் ஒரு சேவல் இப்படி ஓராண்டுக்கு மேல் இருந்தது. பக்கத்தில் பளபளப்பான தகரமோ கண்ணாடியோ இருக்கக் கூடாது. எங்களுடையது என் மகனின் மோட்டார் சைக்கிள் மட்கார்டில் தன் உருவத்தைப் பார்த்துக் கொண்டை கிழியும்வரை மோதியது. படையலுக்கு ஊனமில்லாத சேவல் வேண்டும் என்றால் முள்ளைவிட இதைத்தான் நீங்கள் கவனிக்க வேண்டும்.

பௌத்த மடத்தில் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று உங்கள் பக்கத்து வீட்டார் அடுத்து சொல்வார்கள். உயிரை விடுவிப்பது அவர்களுக்குப் புண்ணியம், அதில் தவறில்லை. ஆனால் மடத்து முற்றத்தைப் பெருக்குவது எட்டு வயதும் ஒன்பது வயதுமான சின்னத் துறவிகள். நம் பிள்ளையைக் கிழித்த சேவலை, சொல்லாமல் அந்தப் பிள்ளைகளிடம் விட்டுவிட்டு வருவது புண்ணியக் கணக்கில் சேராது.

கோழி மிதித்துக் குஞ்சு சாகாது என்பார்கள். சேவலைப் பற்றி அப்படி யாரும் சொல்லி வைக்கவில்லை.

தட்டோன் தோட்டத்துவீடு மீண்டும் எழுதுகிறார்:

ஐந்து வாரம் கழித்து எழுதுகிறேன். தாமதத்துக்கு மன்னிக்க வேண்டும். மகளின் கால் ஆறிவிட்டது. மருத்துவர் ஊசி போட்டார்.

அன்றிரவே பஞ்சாரத்தில் அடைத்தேன். பண்ணையாள் ஐயா சொன்னது போலவே தூக்கத்தில் சத்தமில்லாமல் வந்தது. கையில் எடுத்தபோதுதான் காலைத் தடவிப் பார்த்தேன். முள் இருக்க வேண்டிய இடத்தில் மிளகளவுக்கு ஒரு முண்டு மட்டுமே இருந்தது. மறுநாள் விடியலில் கூவலைக் கேட்க எழுந்து உட்கார்ந்தேன், அதற்கடுத்த நாளும் உட்கார்ந்தேன். இரண்டு நாளும் முதலில் கூவியது செவலை இல்லை, கழுத்தில் பொன்னிறம் கலந்த கறுப்பு. இத்தனை நாள் அதை நான் சரியாகக் கவனித்ததே இல்லை. மண்புழு கிடைத்தால் தான் விழுங்காமல், தூக்கிக் கீழே போட்டு, டுக் டுக் என்று வெடைகளை அழைக்கும் சேவல் அதுதான். முறத்தைப் பிடித்துக்கொண்டு நான் உள்ளே போனால் அது ஒதுங்கி வழிவிடுகிறது. அதை ஒன்பது பெட்டைகளோடு வைத்துக்கொண்டோம். மற்ற மூன்றில் இரண்டை, இன்னும் ஆளைத் தாக்காதவை என்றும், தாக்கிய சேவலின் கூடப்பிறந்தவை என்றும் சொல்லியே சந்தையில் கொடுத்தேன். விலையில் கொஞ்சம் குறைத்துக் கேட்டார்கள். மூன்றாவது குழம்பாயிற்று. ஆறு மாதத்துச் சேவல் என்பதால் அறுத்த அன்றே வைக்காமல் ஓர் இரவு வைத்திருந்து வேகவிட்டார் அம்மா. கறி மெத்தென்று இருந்தது. வெடைகளின் முதுகில் இறகு முளைக்கத் தொடங்கிவிட்டது.

அம்மா பூசாரியிடம் தாமே போய்க் கேட்டு வந்தார். மாற்றிக் கொடுக்கலாம் என்றுதான் அவரும் சொல்லியிருக்கிறார். ஆனால் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்த அம்மா, வாய் சொன்னது சொன்னதுதான், இதையே கொடுப்பேன் என்று முடித்துவிட்டார். ஆகவே பலாமரத்தடியில் ஆறடிக்கு நாலடியாகத் தனிக்கூண்டு கட்டியிருக்கிறேன். மேலே பழைய தகரம், அதன் பளபளப்பான பக்கத்தைத் தார் பூசி மறைத்துவிட்டேன். தீனியை வெளியிலிருந்தே மூங்கில் குழாய் வழியாக அம்மா தள்ளிவிடுகிறார்.

செவலை திருந்திவிட்டது என்று சொல்ல மாட்டேன். நான் லுங்கியை மடித்துக் கட்டாமல் போனால் இன்றைக்கும் சாக்கின் மேல் பாய்ந்து உதைக்கிறது. மடித்துக் கட்டிப் போனால் ஒற்றைக் கண்ணால் பார்த்துக்கொண்டு நிற்கிறது. விடியலில் கறுப்பு கூவி முடித்த பிறகே இது கூவுகிறது. மகள் தூரத்துப் படியில் உட்கார்ந்துகொண்டு, சோற்றுப் பருக்கையை எறிந்தால் கூண்டுக்குள் போய் விழுமா என்று பார்க்கிறாள். இதுவரை இரண்டு முறைதான் விழுந்திருக்கிறது.